ரெட்டைப் பிள்ளைக்கு ஒன்றரைக் கட்டணமா? காரைக்குடி வீட்டுக் காப்பகக் குறிப்புகள்

2025 மே 12, திங்கள்

ஜூன் சேர்க்கைக்கு விசாரிப்பு தொடங்கிவிட்டது. செக்காலையிலும் கோட்டையூர்ப் பக்கமும் வீட்டிலேயே பிள்ளை பார்ப்பவர்கள் எல்லோரிடமும் இந்த மாதத்தில் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “ரெண்டும் எங்க பிள்ளைகதானே, ஒன்றரையாப் போட்டுக்கங்களேன்.” துணிக்கடையில் கேட்பதுபோல் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. கணக்குப் பார்க்காமல் அங்கேயே “சரி” என்று தலையாட்டுவதுதான் தப்பு. கூட்டித்தான் பார்ப்போமே.

கணக்குக்காக பத்து இடம் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒன்றரை வயதுக்குக் கீழே மூன்று பிள்ளைகள், தலைக்கு மாதம் 5,000. ஒன்றரை முதல் மூன்று வயது வரை நான்கு பேர், தலைக்கு 4,000. பள்ளி விட்டு வருபவர்கள் மூன்று பேர், தலைக்கு 2,000. வரவு 15,000 + 16,000 + 6,000 = 37,000.

செலவு: முழுநேர ஆயா 10,000. அரைநாள் உதவிக்கு வருபவர் 6,000. அரிசி, பருப்பு, பால், முட்டை, காய்கறி 7,000. கரண்டு, கேஸ், தண்ணீர் 3,500. சோப்பு, டெட்டால், பாய், துண்டு, உடைந்த பொம்மைக்கு மாற்று 2,500. மொத்தம் 29,000. வீடு சொந்தம் என்று வைத்தே இந்தக் கணக்கு. கையில் நிற்பது 8,000. காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை அந்த வீட்டுப் பெண் நின்று உழைப்பதற்குக் கூலி அதுதான்.

இதில் ரெட்டைக் கைக்குழந்தைகளுக்கு ஆளுக்கு 20 சதவீதம் குறைத்தால் மாதம் 2,000 போகிறது. மொத்த வரவில் பார்த்தால் சிறு தொகை. கூலியில் பார்த்தால் கால் பங்கு. ஆயா சம்பளமும் பால்காரர் பாக்கியும் தள்ளுபடிக்காகக் குறையப் போவதில்லை, முழுக்க அந்த 8,000-லிருந்துதான் போகும்.

2025 மே 14, புதன்

ரெட்டை என்றால் வேலை மிச்சமா? ஆறு மாதக் குழந்தை ஒன்பது மணி நேரம் இருக்கிறது என்று கொள்ளுங்கள். மூன்று முறை பால். புகட்டி, தோளில் போட்டு ஏப்பம் விட வைக்க ஒவ்வொரு முறையும் அரை மணி. டயபர் ஐந்து முறை, தடவைக்கு ஐந்து நிமிஷம். மூன்று தூக்கத்துக்கு ஆட்டிப் படுக்க வைக்கப் பதினைந்து பதினைந்து நிமிஷம். ஆக 160 நிமிஷம். இரண்டுக்கும் 320. ஒன்பது மணி நேரத்தில் ஐந்தே கால் மணிக்கு மேல் ஒரு ஆளுடைய இரண்டு கையும் இதற்கே சரி. உடன்பிறப்பு என்பதால் இதில் ஒரு நிமிஷமும் குறையாது.

இரண்டும் ஒரே நேரத்தில் பசித்து அழுவதுதான் பெரிய சிக்கல். அப்போது ஒன்றுக்குப் புட்டியைத் தலையணையில் சாய்த்து வாயில் வைத்துவிட்டு மற்றதைத் தூக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. வேண்டவே வேண்டாம், புரையேறினால் பார்க்க ஆள் இருக்காது. அரை மணி இடைவெளி விட்டு நேரம் வகுத்துக்கொள்ளுங்கள்: ஒன்றுக்கு 9.00, 12.00, 3.00. மற்றதற்கு 9.30, 12.30, 3.30. இந்த வரிசைக்குப் பழக்க ஒன்றிரண்டு வாரமாவது ஆகும். பெற்றோரும் வீட்டில் அதே நேரத்தைப் பிடித்தால்தான் நிற்கும்.

இன்னொன்று. ரெட்டைகள் பெரும்பாலும் நாளுக்கு முன்பே பிறப்பவை. தனியார் வேலையில் இருக்கும் தாய்க்குச் சட்டப்படி பொதுவாக 26 வார மகப்பேறு விடுப்பு. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். ரெட்டை என்பதற்காக ஒரு நாள்கூட அதிகம் கிடையாது. முன்பே விடுப்பு எடுத்த தாயென்றால் நாலு, நாலரை மாதத்திலேயே பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார், ஒரு மாதம் முன்பே பிறந்ததைக் கழித்தால் அவை மூன்று, மூன்றரை மாதப் பிள்ளைகள். தமிழ்நாடு அரசு வேலையில் இருக்கும் தாய்மார்களுக்கு 2021 ஜூலை முதல் ஓராண்டு விடுப்பு என்பதால் அவர்கள் பிள்ளைகள் தவழ்ந்தோ நடந்தோ வரும். இரண்டு வீட்டுக்கும் ஒரே தள்ளுபடி பேசுவது பொருந்தாது.

2025 மே 17, சனி

அப்படியானால் மிச்சமே இல்லையா? உண்டு, ஓரிடத்தில். காலி இடத்தில்.

ஒரு பிள்ளை விலகினால் அந்த இடம் நிரம்ப ஒரு மாதமாவது ஆகும். ரெட்டை வந்தால் இரண்டு இடம் ஒரே நாளில் நிரம்புகிறது. இரண்டாவது இடத்துக்கு ஒரு மாதக் காத்திருப்பு மிச்சம், அதாவது 5,000. பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 500. தரக்கூடிய தள்ளுபடி அவ்வளவுதான். அதற்கு மேல் தருவது தானம். தானம் செய்யலாம், ஆனால் அதைத் தானம் என்று தெரிந்தே செய்ய வேண்டும்.

இதையும் முதல் மாதமே கொடுக்க வேண்டாம். மூன்று மாதத்தில் அப்பத்தா ஊரிலிருந்து வந்துவிட்டார் என்று நிறுத்தினால் அந்த மிச்சம் உண்மையாகவே வராது. நாலாம் மாதத்திலிருந்து இரண்டாவது பிள்ளைக்கு 500 குறைவு என்று எழுதுங்கள். ஓராண்டில் 4,500 கொடுத்திருப்பீர்கள். பதினோராம் மாதம் ஒரு பிள்ளைக்கு இலவசம் என்று மொத்தமாகக் கொடுப்பவர்களும் உண்டு. பெற்றோருக்குப் பிடிக்கும், ஆனால் மேலே போட்ட கணக்கில் அந்த மாதம் கையில் 3,000-தான் நிற்கும்.

சதவீதம் வேண்டாம், ரூபாயாகச் சொல்லுங்கள். கட்டணம் ஏறும்போது சதவீதத் தள்ளுபடியும் சத்தமில்லாமல் ஏறும்.

2025 மே 18, ஞாயிறு

நேற்று எழுதியதன் மறுபக்கம். இரண்டு இடம் ஒரே நாளில் நிரம்பினால், ஒரே நாளில் காலியும் ஆகும். ரெட்டை நின்றுவிட்டால் வரவு 37,000-லிருந்து 27,000. செலவு 29,000. பால், டயபர் கழிவு என்று கொஞ்சம் குறையும், ஆயா சம்பளம் குறையாது. அந்த மாதம் கைக்காசு போட வேண்டும்.

ஆகவே ஒரு பிள்ளைக்கு 30 நாள் முன்னறிவிப்பு என்றால் ரெட்டைக்கு 60 நாள். அட்வான்ஸ் தலைக்கு ஒரு மாதக் கட்டணம், அதில் தள்ளுபடி கிடையாது. சேர்க்கைக் கட்டணத்தை வேண்டுமானால் ஒன்றாக வாங்கிக்கொள்ளலாம். படிவம், பெற்றோரிடம் பேச்சு, வாட்ஸ்அப்பில் சேதி எல்லாம் உண்மையிலேயே ஒரு குடும்பத்து வேலைதான்.

2025 மே 21, புதன்

அக்கா–தம்பி, அண்ணன்–தங்கை சேர்க்கை வேறு கணக்கு. மூத்தது பள்ளி விட்டு நாலு மணிக்கு வரும், இளையது கைக்குழந்தை. இங்கே தள்ளுபடி கொடுப்பதானால் குறைந்த கட்டணத்தில் கொடுங்கள், மூத்ததின் 2,000-ல் 200. கைக்குழந்தை இடத்தில் கை வைக்கக் கூடாது, அதுதான் ஆள்பலம் தின்னும் இடம்.

எழுத மறக்கும் விஷயம் கோடை விடுமுறை. மே மாதம் மூத்தது காலை எட்டுக்கே வந்துவிடும். மதியச் சாப்பாடும் உங்கள் தலையில். “விடுமுறை மாதம் முழுநாள் கட்டணம்” என்ற வரி படிவத்தில் இல்லாவிட்டால் ஏப்ரல் கடைசியில் மனஸ்தாபம் நிச்சயம்.

பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளுக்கும் உடன்பிறப்புச் சலுகை கேட்பார்கள். ஒரே வளவுக்குள், அதாவது ஒரே பெரிய வீட்டுக்குள், நாலு குடும்பத்து அடுப்பு எரியும் ஊர் இது. “எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைக ஆச்சி” என்றால் மறுத்துப் பேச முடியாது. இதற்கு வழி செட்டிநாட்டிலேயே இருக்கிறது. கோயில் வரியை நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) வீடு எண்ணிப் போடுவதில்லை, புள்ளி எண்ணிப் போடுவார்கள். கல்யாணமாகித் தனிக் குடும்பமான தம்பதி ஒரு புள்ளி. காப்பகத்துக்கும் அதுவே: ஒரே ஆள், ஒரே ரசீதில் கட்டினால் ஒரு புள்ளி, சலுகை உண்டு. இரண்டு ரசீது கேட்டால் இரண்டு புள்ளி. இந்த ஊரில் இப்படிச் சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

துணையை இழந்தவர்களை அரைப் புள்ளியாக எண்ணும் வழக்கமும் உண்டு. தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்க்குக் குறைத்து வாங்க நினைத்தால் வாங்குங்கள், ஆனால் அதை உடன்பிறப்புச் சலுகைக்குள் போட்டுக் குழப்ப வேண்டாம். ஒருவருக்கு ஒரு சலுகைதான், எது பெரிதோ அது.

2025 மே 26, திங்கள்

அம்மை. கட்டணத் தகராறில் பாதி இதில்தான் வரும்.

சின்னம்மை தொற்றி வெளியே தெரிய 10 முதல் 21 நாள். மூத்ததுக்குப் போட்டு, கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டி, தண்ணீர் ஊற்றி முடியும்போது இளையதுக்குத் தொடங்கும். மூன்று தண்ணீர் ஊற்றும்வரை வீட்டைவிட்டு அனுப்பாத குடும்பங்கள் இங்கே நிறைய. ஆக இரண்டு பிள்ளையும் மாறி மாறி ஒரு மாதத்துக்கு மேல் வராமல் போகலாம். தடுப்பூசி அரசு அட்டவணையில் இல்லை, தனியாரில்தான் போட வேண்டும். சேர்க்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை வரவில்லை என்பதால் செலவு குறைவதில்லை, இடமும் இன்னொருவருக்குப் போவதில்லை. ஆனாலும் முழுக் கட்டணம் கேட்டால் குடும்பம் கசந்து போகும். ஒரு நல்ல நடுவழி: மூத்தது நின்ற நாளிலிருந்து இளையது திரும்பும் நாள் வரை ஒரே நோய்க்காலமாக எண்ணுங்கள். முதல் பத்து வேலை நாளுக்கு முழுக் கட்டணம், அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பாதி. பிள்ளைக்குப் பிள்ளை தனிக் கணக்கு வைத்தால் பெற்றோர் இருமுறை முழுக்கட்டணக் காலத்தைக் கடக்க வேண்டும், அது நியாயமில்லை. உடன்பிறப்புக்குச் சலுகை தர எங்களைக் கேட்டால் மாதா மாதம் தரும் 200-ஐவிட இது மேல். நெருக்கடியில் கை கொடுக்கும்.

2025 ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தாச்சு. இன்று முதல் நாள் சேரும் ரெட்டைகளுக்குச் செய்ய வேண்டியவை.

அடையாளம் முதலில். வெள்ளிக் காப்பை நம்பாதீர்கள், குளிப்பாட்டும்போது மாறும். அரைஞாண் கயிற்றின் நிறம் டயபருக்குள் மறைந்துவிடும். ஒரு பிள்ளைக்கு மட்டும் இடது கால் கட்டைவிரல் நகத்தில் நெயில் பாலிஷ் வைக்கச் சொல்லுங்கள். சாக்ஸைக் கழற்றினால் தெரியும், கழன்று விழ எதுவும் இல்லை.

மருந்து இரண்டாவது. ஒன்றுக்கே இரண்டு முறை கொடுத்து மற்றதை விட்டுவிடுவது ரெட்டைகளிடம் நேரும் பிழை. பாட்டிலில் பெயர், எடை, டாக்டர் சொன்ன மில்லி, நேரம் எழுதி ஒட்டாமல் எந்தச் சிரப்பையும் வாங்கக் கூடாது. எடை வேறு என்றால் அளவும் வேறு. கொடுத்தவுடன் ஏட்டில் எழுதுங்கள், சாயங்காலம் சேர்த்து எழுதலாம் என்று விடாதீர்கள்.

தாய்ப்பால் கொண்டுவந்தால் நேரே ஃபிரிட்ஜுக்கு. 25 டிகிரிக்குள் இருந்தால்தான் வெளியே நாலு மணி நேரம் தாங்கும், நம்மூர் வெயிலில் அந்தக் கணக்குச் செல்லாது. வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்குங்கள். ஒன்று குடித்து வைத்த மிச்சத்தை மற்றதற்குக் கொடுக்காதீர்கள், இரண்டு மணி நேரம் கழித்தால் கொட்டிவிடுங்கள்.

தூளி தனித்தனி, ஆட்டும்போது ஒன்றோடொன்று மோதாத தூரத்தில். பழைய வீடென்றால் முற்றத்துப் படிக்கு மரத் தடுப்பு. ஆத்தங்குடிக் கல் தரை வெயிலுக்குக் குளுமைதான், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் நடை பழகும் பிள்ளை சறுக்கும். கைத்துண்டு எப்போதும் தோளில் இருக்கட்டும்.

2025 ஜூன் 5, வியாழன்

வெளிநாட்டில் மகள் இருக்கும் வீடுகளில் “அங்கெல்லாம் ரெண்டாவதுக்குக் குறைக்கிறாங்க” என்பார்கள். சில இடங்களில் உண்டுதான். இங்கிலாந்தில் வீட்டில் பிள்ளை பார்ப்பவர் பொதுவாக ஒரு வயதுக்குக் கீழே ஒரே குழந்தைதான் வைக்கலாம், உடன்பிறந்த கைக்குழந்தைகள் என்றால் விதிவிலக்கு உண்டு. அந்த விதியே ஒரு ஆளால் எத்தனை பிள்ளையைத் தாங்க முடியும் என்பதிலிருந்து வந்தது. வேலைக்குப் போகும் தகுதியுள்ள பெற்றோருக்கு அரசு தரும் உதவியும் பிள்ளைக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்டு வரை என்று தலைக்கணக்கு. ரெட்டைப் பெற்றோரின் பாரத்தில் பங்கு எடுப்பது அங்கே அரசு. இங்கே அதைக் காப்பக வீட்டுப் பெண்ணின் 8,000-லிருந்து எடுக்கச் சொல்கிறோம்.

இரண்டு வயதானால் அங்கன்வாடி இருக்கிறது, காசில்லை, மதியச் சாப்பாடும் உண்டு. ரெட்டைக்கு இரண்டு முழுக்கட்டணம் கட்ட முடியாதவர்களிடம் அதையே சொல்லுங்கள்: மதியம் வரை அங்கே, பிறகு இங்கே, அரைநாள் கட்டணம். கூப்பிட்டுக்கொண்டு வருவது யார் என்பதை மட்டும் முன்பே முடிவு செய்து படிவத்தில் பெயர் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாட்டுக்கு 500 குறைப்பு சேராது.