தட்டிப் பார்க்கும் சத்தம்

ஜூன் 9

தஞ்சாவூர் போய் மகனுக்குப் பல் ஸ்கேன் எடுத்து வந்தோம். விழுந்து கழன்று, திரும்ப வைத்த அந்தப் பல்தான். "வலிக்கவே இல்லையேம்மா, அப்புறம் எதுக்கு?" என்று பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வந்தான்.

ஜூன் 10

தூக்கம் இல்லை. டாக்டர் பக்கத்துப் பல்லைத் தட்டியபோது மந்தமாகக் கேட்டது. இதைத் தட்டினால் பித்தளைச் சொம்பு மாதிரி கணீரென்கிறது. மற்ற பல்லெல்லாம் மெத்தை மாதிரி ஒரு சவ்வில் உட்கார்ந்திருக்கிறதாம், இதற்கு அந்தச் சவ்வு செத்து வேர் எலும்போடு ஒட்டிக்கொண்டது. எலும்பு எப்போதும் தன்னையே அரித்துப் புதிதாகக் கட்டிக்கொள்ளுமாம், வேரையும் தன்னுடையதென்று நினைத்து அரித்து அந்த இடத்தில் எலும்பை வைக்கிறது. படத்தில் எலி கடித்த கரும்பு மாதிரி இருந்தது.

போன வருடம் வேர் சிகிச்சை செய்து கால்சியம் மருந்து வைத்தோமே என்றேன். அது கிருமியால் வரும் அரிப்பைத்தான் நிறுத்துமாம். இதை நிறுத்த மருந்தே இல்லை.

ஜூன் 11

பால் இருந்தது. அன்றைக்கு வீட்டில் பால் இருந்தது.

ஜூன் 12

மேட்டூர் திறந்துவிட்டார்கள். இவர் நாற்றங்கால் வேலையில்.

ஜூன் 14

அன்றைக்கு அவன் பம்புசெட் தொட்டி விளிம்பில் விழுந்து, சேற்றில் தேடிப் பல்லை எடுக்கவே இரண்டு மணி நேரம். மண் போகட்டும் என்று வேரைத் தேய்த்துக் கழுவியது நான்தான், கைக்குட்டையில் காயக் காயச் சுற்றியதும் நான்தான். வேரைத் தொடாமல் லேசாக அலசி அப்போதே குழியில் செருகியிருக்க வேண்டும், முடியாவிட்டால் பாலில் போட்டிருக்க வேண்டும். ஒரு மணி நேரம் காய்ந்தாலே அந்தச் சவ்வு பிழைப்பது அரிது. யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? இன்று பள்ளிக்கூடத்து டீச்சரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 16

கல்லணையும் திறந்தாயிற்று. பிடுங்கிவிட்டுக் கட்டுப்பல் வை என்கிறார் அத்தை. ஒட்டிய பல்லைப் பிடுங்கினால் எலும்பும் சேர்ந்து போகுமே! பன்னிரண்டு வயது, தாடை இன்னும் வளர வேண்டும். பக்கத்துப் பற்கள் இறங்க இறங்க இது மட்டும் மேலேயே நின்றுவிடும். ரொம்பப் பின்தங்கினால் மேல்பகுதியை மட்டும் வெட்டி, வேரை ஈறுக்குள் விட்டுவிடுவார்களாம், எலும்பு மெலியாமல் இருக்க. எலும்பில் திருகு வைத்துப் பொருத்தும் இம்ப்ளான்ட் எல்லாம் வளர்ச்சி நின்ற பிறகுதான். ஸ்கேல் வைத்து அளந்தேன். ஒரு மில்லிமீட்டர்.

ஜூன் 17

ஒன்றுதான். சரியாகத்தான் அளந்தேன்.

ஜூன் 20

அவன் தூங்கும்போது ஸ்பூனால் மெதுவாகத் தட்டிப் பார்த்தேன். அதே சத்தம்.

ஜூன் 22

வாய்க்காலில் தண்ணீர். கரையில் ஓடுகிறான், கூப்பிட்டால் திரும்பவில்லை.