மேல் வீட்டுக் குதிரை

அம்மா கும்பகோணத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த புதிது. சாயங்காலம் காபியைப் பாதியில் கீழே வைத்துவிட்டு, "ஏண்டி, மேல் வீட்ல குதிரையா வளர்க்கிறாங்க?" என்று கேட்டார். வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீடுகளில் பூனைக்கே 2024இல்தான் அனுமதி கிடைத்தது. குதிரைக்கு எங்கே போவது?

மேல் வீட்டுச் சீன அங்கிள் எர்ஹு என்ற சீன வில் வாத்தியம் வாசிப்பவர். 'குதிரைப் பந்தயம்' என்று எர்ஹுவுக்கென்றே அமைந்த ஓர் உருப்படி உண்டு. அது முடிகிற இடத்தில் குதிரை கனைப்பதையும் வில்லாலேயே வாசித்துவிடுவார்கள். அங்கிள் மற்றதையெல்லாம் விட்டுவிட்டுக் கனைப்பை மட்டும் சாதகம் செய்துகொண்டிருந்தார்.

அப்புறம் வேறு ஏதோ வாசித்தார். "இது மோகனம்டி!" என்று அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். சின்ன வயதில் வயலின் கற்ற காது. சீன மெட்டுகளில் அடிக்கடி வரும் ஐந்து சுர வரிசை, நம் மோகனத்தின் சுரங்களேதான். மறுநாள் லிஃப்டில் அங்கிளைப் பார்த்ததும் "மோகனம், மோகனம்" என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, வீட்டுக்கே கூப்பிட்டுவிட்டார்.

தொடைமேல் நிறுத்தி வைக்கும் சின்ன மரக்கூடு, நீளக் கழுத்து, இரண்டே தந்தி. வயலினில் இருப்பதுபோல் விரலுக்கு அடியில் பலகை கிடையாது. அந்தரத்தில் நிற்கும் தந்தியைத் தொட்டே வாசிக்க வேண்டும். அம்மா உரிமையோடு வில்லை வாங்கிப் பார்க்க இழுத்தார். கூடவே வாத்தியமும் வந்தது. வில்லின் முடி இரண்டு தந்திக்கும் நடுவில் புகுந்து போகிறது. சும்மா உருவ முடியாது. அங்கிள் பதறிப்போய் இரண்டையும் பிடித்துக்கொண்டார்.

கூட்டின் முகப்பில் செதில் செதிலாகத் தோல். அதன்மேல் வெள்ளையாகப் பொடி.

"விபூதியாடி?"

"ரோசின் பொடிம்மா. வில்லுல தேய்ச்சது."

"தோலு?"

"மலைப்பாம்பு."

கை சட்டென்று பின்னால் போனது. கொஞ்ச நேரம் யோசித்தார். "நல்ல பாம்புன்னாத்தான் தோஷம். மலைப்பாம்பு பரவாயில்லை" என்று தானே தீர்ப்பும் சொல்லி, மறுபடி தொட்டுப் பார்த்தார். எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

கிளம்பும்போது, "மார்கழிக் கச்சேரி கேட்க மெட்ராஸுக்கு வரச் சொல்லு. இதையும் எடுத்துட்டு வரட்டும்" என்றார். மொழிபெயர்த்தேன். அங்கிள் தலையை ஆட்டினார்: பாம்புத் தோல் ஆயிற்றே, வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதென்றால் பர்மிட் கேட்பார்களாம்.

"எனக்கு விசா வாங்க நீ பட்ட பாடு போதாதா?" என்றார் அம்மா. "செத்த பாம்புக்குமா?"