மிதித்தால் பாடும் கிற்றார்

1992இல் விடுதியில் இருந்தவர்களுக்கு அந்தச் சைக்கிள் நினைவிருக்கும். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று இரண்டு வருடம். பற்றரியும் வடக்குக்கு அரசு போட்ட தடைப் பட்டியலில். படிப்பு மண்டபத்துக்குப் பின்னால் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி ஒருவன் மிதிக்க, டைனமோவிலிருந்து வயர் இழுத்து எங்கள் சேர் தன் ரேப் ரெக்கோடரை ஓடவைப்பார். செய்தி முடிந்ததும் அவரிடமிருந்த ஒரேயொரு ஜாஸ் கசற். கிற்றார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட். மிதிப்புத் தளர்ந்தால் பாட்டு இழுபடும். "டேய், ஜாங்கோவுக்கு நித்திரை வருது, மிதியடா!" என்பார்.

ஜாங்கோ 1910 ஜனவரி 23இல் பெல்ஜியத்தின் லிபெர்ஷியில், கூண்டுவண்டிகளில் ஊர் ஊராய்ப் போகும், ரோமா மக்களில் ஒரு பிரிவான மனூஷ் குடும்பமொன்றில் பிறந்தவர். "மனூஷ் எண்டால் மனுசன். எங்கட பக்கத்துச் சொல்தான், ஐரோப்பா வரைக்கும் நடந்து போயிருக்கு" என்று சேர் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்துவிடும். ஸ்வரம் வாசிக்கத் தெரியாமலே, பதினெட்டு வயதுக்குள் பாரிஸ் நடன மண்டபங்களில் அக்கோடியன்காரர்களுக்குப் பக்கத்தில் பான்ஜோ வாசித்தார்.

1928இல் கூண்டுவண்டி தீப்பற்றியது. மனைவி விற்பதற்காகச் செய்து வைத்திருந்த செலுலொயிட் பூக்கள் ஒரு நொடியில் எரிந்துவிட்டன. வைத்தியர்கள் அவருடைய வெந்த காலை எடுக்க வேண்டும் என்றார்கள், மறுத்துவிட்டார். இடது கையில் மோதிர விரலும் சின்ன விரலும் சுருண்டே போயின.

இந்த இடத்தில் எல்லோரும் அதிசயம் என்பார்கள். சேர் அப்படிச் சொல்லமாட்டார். பதினெட்டு மாதம் படுக்கையில் அந்தக் கை என்ன செய்தது என்று கேட்கச் சொல்வார். தம்பி ஜோசப் கொண்டுவந்து கொடுத்த கிற்றாரில் ஜாங்கோ விரலோட்டத்தை முதலிலிருந்து புதிதாய்க் கட்டினார். தனி வாசிப்பு முழுவதும் இரண்டு விரலில். நரம்புக்குக் குறுக்கே பரப்ப முடியாத கை, கிற்றார்க் கழுத்தின் நீளத்துக்கு மேலும் கீழும் ஓடியது. சுருண்ட விரல்கள், பல நரம்பைச் சேர்த்துக் கோர்ட் பிடிக்கும்போது மட்டும் மெல்லிய நரம்புகளில் சாய்ந்து உதவின. கசற்றில் நாங்கள் கேட்ட அந்த வழுக்கல் இப்படித்தான் வந்தது.

1934இல் ஸ்ரெபான் கிறப்பெல்லியின் வயலினோடு சேர்ந்து 'ஹொற் கிளப் டு பிரான்ஸ்' ஐவர் குழு அமைந்தது. மிச்சம் இரண்டு துணைக் கிற்றார், ஒரு பெரிய பாஸ். மேளம் கிடையாது. வயலினுக்குப் பின்னால் இரண்டு கிற்றார் ஒலிக்க, தன் வாசிப்புக்கு மட்டும் ஒன்றா என்று ஜாங்கோ குறைப்பட்டதால்தான் மூன்றாவது கிற்றார் வந்ததாம். அந்தத் துணைக் கிற்றார்களில் ஒன்று தம்பி ஜோசப்புடையது. மேளத்துக்குப் பதிலாய்த் துணைக் கிற்றார்கள் தாளம் போடும் அடிக்குப் பிரெஞ்சில் 'லா பொம்ப்', அதாவது பம்பு, என்று பெயர். "ஜோசப்பைக் கேளுங்கோ, அவன்தான் மிதிக்கிறான்" என்பார் சேர். இன்றைக்கும் எனக்கு முதலில் கேட்பது ஜோசப்தான்.

ரோமா மக்களை நாஜிகள் கொன்றுகொண்டிருந்த காலத்தில் ஜாங்கோ பாரிஸில்தான் இருந்தார். 1940இல் பதிவான 'நுவாஜ்', முகில்கள், அந்தக் காலத்துப் பாட்டு. 1943இல் சுவிஸுக்குத் தப்பப் பார்த்து முடியாமற் போனது. 1946இல் அமெரிக்க ஜாஸ் மேதை டியூக் எலிங்டனோடு வாசிக்க அமெரிக்கா போய் வந்தார்.

நான் பாரிஸ் வந்து பல வருடம் கழித்து, அங்குள்ள லியோன் நிலையத்தில் ரெயில் ஏறி, அவோனில் இறங்கி, ஜாங்கோ கடைசியாய் வாழ்ந்த சமுவா வரை நடந்தேன். 1953 மே 16இல் பாரிஸில் வாசித்துவிட்டு அதே அவோன் ஸ்ரேசனிலிருந்து நடந்து போன ஜாங்கோ, வீட்டடியில் மூளையில் இரத்தக் கசிவு வந்து விழுந்தார். வயது 43. பக்கத்தில் சேன் நதி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சேரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்று நெஞ்சு அடைத்தது. அவர் போய் அப்போது நான்கு வருடம்.

1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில், நாவற்குழிப் பாலத்தடி நெரிசலில், அந்தக் கசற்றை விடுதிப் பெடியன் ஒருவனின் பைக்குள் வைத்ததாகச் சேர் பிறகு சொன்னார். யாரென்று இருட்டில் அவருக்குத் தெரியவில்லை. இந்த மலரை வாசிப்பவர்களில் அவன் இருந்தால், தயவுசெய்து சங்கத்துக்கு எழுது. நாடா அறுந்திருந்தாலும் பரவாயில்லை.