கடலில் விழுந்த விமானங்கள்: காம்பஸ் வைத்து வரைந்து பார்த்தேன்

நம் கரையோரக் கடலில் விழுந்த விமானங்களை ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறித்து வருகிறேன். இந்த மாதம் முழுக்க ஏஎன்-32-லேயே போய்விட்டது.

2016 ஜூலை 22 காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படை விமானம். உள்ளே 29 பேர். ஏழரை வருடம் கழித்து, 2024 ஜனவரியில்தான், கடலடியில் 3,400 மீட்டரில் கிடக்கும் சிதைவுகள் அதனுடையதாக இருக்கலாம் என்று அறிவித்தார்கள். பள்ளிக்கரணை கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்களில் தெரிந்தது.

10 கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அளவு வைத்துக்கொண்டேன். சென்னையிலிருந்து 140 கடல் மைல் என்றது அறிவிப்பு. சாதாரண மைல் கணக்கில் 22.5 செ.மீ. தள்ளிப் புள்ளி வைத்தேன், தப்பு. கடல் மைல் என்றால் 1.852 கி.மீ., அப்படியானால் 26 செ.மீ. ஆனால் அதே அறிவிப்பில் ஏறத்தாழ 310 கி.மீ. என்றும் இருக்கிறது, அது 31 செ.மீ. 29 பேர் போன இடத்தை உத்தேசமாகக் குறிக்க மனம் வரவில்லை. இரண்டு இடத்திலும் பென்சிலால் வைத்திருக்கிறேன், மை தொடவில்லை.

அடுத்தது கடலோரக் காவல்படையின் டார்னியர் விமானம், 2015 ஜூன் 8, மூன்று பேர். கடலூருக்கு அப்பால் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில் அடுத்த மாதமே கிடைத்தது. தண்ணீரில் விழுந்ததும் தானாக விட்டுவிட்டுச் சத்தம் எழுப்பும் ஒலிக்கருவி ஒன்று அதில் இருந்தது; அந்தச் சத்தம் சிந்துத்வஜ் நீர்மூழ்கிக் கப்பலுக்குக் கேட்டிருந்தது.

ஒன்றுக்கு ஏழரை வருடம், இன்னொன்றுக்கு ஒரு மாதம்: இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க ஆசை. இந்தக் கருவிகள் அப்போது பொதுவாக 30 நாள் வரை துடித்தன. சத்தம் இரண்டு மூன்று கிலோமீட்டர் போகும். புதுத் தாளில் 500 மீட்டருக்கு ஒரு செ.மீ. வைத்து, கடலூர் ஆழத்தில் காம்பஸ் முள்ளை ஊன்றி 5 செ.மீ. ஆரத்தில் வட்டம் போட்டேன். கடல்மட்டக் கோட்டை அது 9 செ.மீ. அகலத்துக்கு வெட்டியது. மேலே போகும் கப்பலுக்கே கேட்கும். 3,400 மீட்டரில் முள்ளை வைத்தால், வட்டத்தின் உச்சிக்கும் கடல்மட்டத்துக்கும் நடுவே 1.8 செ.மீ. வெள்ளைத் தாள். அந்த ஆழத்தில் இப்படி ஒரு கருவி துடித்தாலும் மேலே இருப்பவர்களுக்குக் கேட்பது கடினம். அந்த இடைவெளியைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சரி, எல்லாம் ஆழத்தின் கணக்குதான் என்று நினைத்தேன். அப்புறம் இலங்கையின் இரணைதீவுக்கு வந்தேன். 1998 செப்டம்பர் 29, பலாலியிலிருந்து கொழும்புக்குப் போன லயன் ஏர் விமானம், 55 பேர். சிதைவுகள் கிடைத்தது 2012-இல், போர் முடிந்த பிறகு. அங்கே கடல் பத்துப் பதினைந்து மீட்டர்தான். அதே அளவில் அந்த ஆழத்தை வரையப் போனால் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்தான் வந்தது. கடல்மட்டத்துக்கு நான் போட்ட பென்சில் கோட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டது.