லினக்ஸ்ல மட்டும் அஞ்சு வாரம் கேம் ஆடிப் பார்த்தேன்

விண்டோஸ் 10க்கு வந்துட்டிருந்த அப்டேட் 2025 அக்டோபர் 14ஓட நின்னுச்சு, என் மெஷின்ல டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப் கிடையாது, அதனால விண்டோஸ் 11க்கு முறைப்படி போகவும் வழியில்ல. ஆனா மெஷின் நல்லாத்தான் இருக்கு, தூக்கிப் போட மனசு வரல. டூயல் பூட், அதாவது ஒரே மெஷின்ல ரெண்டு ஓஎஸ் வச்சா முதல் சிக்கல்லயே பழைய பக்கம் போயிடுவேன்னு தெரியும், அதனால விண்டோஸை முழுசா அழிச்சுட்டு லினக்ஸ் மின்ட் 22ங்கற ஓஎஸ் போட்டு, அஞ்சு வாரம் இதுலயேதான் எல்லாம்னு முடிவு பண்ணேன். போடறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு மட்டும் பார்த்துக்கிட்டேன், என் கிராபிக்ஸ் கார்டோட டிரைவர்ல வல்கன் 1.3 (கேம் கார்டுகிட்ட படம் வரையச் சொல்ற ஒரு மொழி மாதிரி) வருதான்னு. அது இல்லேன்னா, விண்டோஸ் கேம் கேட்கற படத்தை வல்கனுக்கு மாத்தற டிஎக்ஸ்விகேயோட இப்ப உள்ள பதிப்பு ஓடாது, டிஎக்ஸ்விகே ஓடலன்னா விண்டோஸ் கேம்ல முக்கால்வாசி அவுட். என் கார்டுல இருந்துச்சு.

முதல் நாள் ராத்திரி கேம் வாங்கி ஆடற ஸ்டீம் ஆப்பைப் போட்டு, செட்டிங்ஸ்ல காம்பாட்டிபிலிட்டி பக்கம் போய் எல்லா கேமுக்கும், விண்டோஸ் கேமை லினக்ஸ்ல ஓட்டற புரோட்டான்னு குடுத்துட்டு, ரெண்டு வருஷம் முன்னாடி வந்த ஒரு கேமை இறக்கி பிளே அமுக்கினேன். அவ்ளோதான், ஓடுச்சு. நான் வேற எதுவுமே பண்ணல. விண்டோஸுக்குன்னு மட்டும் எழுதின ஒரு எக்ஸ்இ ஃபைல், அந்த விண்டோஸே இல்லாத மெஷின்ல டைட்டில் ஸ்கிரீன் வரைக்கும் வந்து நிக்குது, கொஞ்ச நேரம் அதையே பார்த்துட்டிருந்தேன்.

இது எமுலேஷன், அதாவது வேற ஒரு மெஷின் மாதிரி நடிக்கறது இல்ல, நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறாங்க. கேமோட கோடு நேரா நம்ம பிராசசர்லதான் ஓடுது. அது நடுவுல "விண்டோஸே, இந்த ஃபைலைத் திற, இந்த விண்டோவை வரை"ன்னு கேட்கும் பாருங்க, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்றதுதான் வைன். 1993ல ஆரம்பிச்ச புராஜெக்ட் அது. அதை எடுத்து கேமுக்குன்னு நிறைய வேலை பண்ணி ஸ்டீமை நடத்தற வால்வ் கம்பெனி 2018 ஆகஸ்ட்ல விட்டதுதான் புரோட்டான். கேம் டைரக்ட்எக்ஸ்ல, அதாவது விண்டோஸுக்குன்னு உள்ள மொழியில, படம் கேட்டா, அதை வல்கனுக்கு மாத்திக் குடுக்கறது டிஎக்ஸ்விகே, டைரக்ட்எக்ஸ் 12ன்னா விகேடி3டி-புரோட்டான். ஆக கேமுக்கும் கார்டுக்கும் நடுவுல இத்தனை அடுக்கு இருக்கு. அஞ்சு வாரத்துல எனக்கு வந்த சிக்கல் ஒவ்வொண்ணும் இதுல ஏதோ ஒரு அடுக்குலதான், எந்த அடுக்குன்னு தெரிஞ்சுட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

ரெண்டாவது நாளே ஒண்ணு வந்துச்சு. ரெண்டாவது டிஸ்க்ல 180 ஜிபிக்கு பழைய கேம் எல்லாம் அப்படியே இருந்துச்சு, விண்டோஸ் பயன்படுத்தற என்டிஎஃப்எஸ் ஃபார்மேட் பார்ட்டிஷன், மறுபடி இறக்க வேணாமேன்னு ஸ்டீம்ல அதையே லைப்ரரியா சேர்த்தேன். கேம் எல்லாம் லிஸ்ட்ல வந்துடுச்சு, ஆனா பிளே அமுக்கினா அது ஸ்டாப்னு மாறுது, ரெண்டு செகண்ட்ல திரும்ப பிளேன்னு வந்து நிக்குது. எரர் மெசேஜ் எதுவும் கிடையாது. அன்னிக்கு ராத்திரி முழுக்க புரோட்டான் வெர்ஷனை மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தேன், வீண். காரணம் டிஸ்க்லதான் இருந்துச்சு. புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் குட்டியா ஒரு பொய் விண்டோஸ் ஃபோல்டர் உண்டாக்கும், அதுக்குப் பேர் பிரிஃபிக்ஸ், அதுக்குள்ள சி டிரைவைக் காட்ட "சி"யும் பக்கத்துல முக்கால்புள்ளியும் வச்சு ஒரு லிங்க் போடும். விண்டோஸ்ல ஃபைல் பேர்ல முக்கால்புள்ளி வரவே கூடாது, அதனால என்டிஎஃப்எஸ் டிஸ்க்ல அந்த லிங்க்லதான் தகராறு. சில பேர் பிரிஃபிக்ஸை மட்டும் வேற இடத்துக்கு லிங்க் பண்ணி ஓட்டறாங்க, எனக்கு அது ஒட்டுப் போட்ட மாதிரி பட்டுச்சு. எல்லாத்தையும் எக்ஸ்டர்னல் டிஸ்குக்கு காப்பி பண்ணி, இந்த டிஸ்கை லினக்ஸோட எக்ஸ்ட்4ல ஃபார்மேட் பண்ணி, திரும்பக் கொண்டுவந்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை அதுலயே போச்சு, ஆனா அதுக்கப்புறம் அந்தப் பிரச்சனை வரவே இல்ல. விண்டோஸ்ல இருந்து வர்றவங்க யாரா இருந்தாலும் நான் முதல்ல சொல்றது இதைத்தான்.

முதல் வாரம் புது கேம்ல ஒவ்வொரு புது இடத்துக்குப் போறப்பவும் லேசா ஒரு திக்கல் இருந்துச்சு. ஷேடர்னு கார்டுல ஓடற குட்டி புரோகிராம் கம்பைல் ஆகற திக்கல்தான், ஆட ஆட சரியாயிடும். ஆடறதுக்கு முன்னாடி ஸ்டீம் ஷேடரைத் தயார் பண்ணிக்கிட்டு இருக்கும், ஸ்கிப் பண்ணலாம்னும் கேட்கும், அவசரப்பட்டு ஸ்கிப் பண்ணிடாதீங்க.

ரெண்டாவது வாரம்தான் பெரிய குழப்பம். எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு பழைய கேம் இருக்கு, டைரக்ட்எக்ஸ் 9 காலத்து ஆர்பிஜி (ஒரு பாத்திரமா இருந்து கதையை ஆடற வகை), உண்மையைச் சொன்னா இந்த மெஷினைத் தூக்கிப் போடாம வச்சிருக்கறதுக்கே அது ஒரு காரணம். அதைப் போட்டா மெனுவே நத்தை மாதிரி நகருது, உள்ள போனா செகண்டுக்கு மூணு ஃபிரேம், ஃபேன் கத்துது. நேத்து வந்த பெரிய பெரிய கேம் எல்லாம் 60ல ஓடற மெஷின்ல பதினஞ்சு வருஷப் பழசு மட்டும் 3ல ஓடுதுன்னா எங்க போய் தேடறது? புரோட்டானோட பழைய வெர்ஷன் போட்டேன், ரெசல்யூஷன் குறைச்சேன், நிழலை எல்லாம் ஆஃப் பண்ணேன், மூணு மூணாவே நின்னுச்சு. கடைசியா மேங்கோஹட் போட்டேன். கேம் ஓடறப்போ மூலையில ஃபிரேம் ரேட், சூடு, எந்தக் கார்டு வேலை செய்யுதுன்னு எல்லாம் காட்டற ஒரு குட்டி ஓவர்லே அது. கார்டு பேர் வர்ற இடத்துல என் கார்டு பேரே இல்ல, எல்எல்விஎம்பைப்னு இருந்துச்சு. அதைப் பார்த்ததும் விஷயம் புரிஞ்சுடுச்சு. எல்எல்விஎம்பைப்னா கார்டே இல்லாம பிராசசரே ஒவ்வொரு புள்ளியா உட்கார்ந்து வரையறது. என் கார்டு பக்கத்துல சும்மா இருக்கு, பாவம் பிராசசர் மூச்சு வாங்க வரைஞ்சுட்டிருக்கு.

ஏன்னா அந்த கேம் 32 பிட். புது கேம் எல்லாம் 64 பிட், அதுக்கு வேண்டிய டிரைவர் இருந்துச்சு. 32 பிட் கேமுக்கு டிரைவரோட 32 பிட் லைப்ரரி தனியா வேணும், நான் டெர்மினல்ல டிரைவர் போட்டப்போ ரெகமெண்டட் பேக்கேஜ் எதுவும் இல்லாம போட்டிருந்தேன், இது அதுல விட்டுப்போச்சு. மேசான்னு லினக்ஸ்ல உள்ள இன்னொரு கிராபிக்ஸ் டிரைவர் தொகுப்போட 32 பிட் லைப்ரரி ஸ்டீம்கூட வந்திருந்துச்சு, அதுல இந்த சாஃப்ட்வேர் ரெண்டரர் இருந்ததால கேம் அதைப் பிடிச்சுக்கிச்சு. அதுவும் இல்லாம போயிருந்தா கேம் திறக்காமலே போயிருக்கும், நானும் சீக்கிரம் கண்டுபிடிச்சிருப்பேன். ஒரே ஒரு பேக்கேஜ், அதே டிரைவர் வெர்ஷனோட 32 பிட் லைப்ரரி, போட்டு ரீஸ்டார்ட் பண்ணேன், 60. நாலு நாள் தேடினது ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுது. இப்ப எந்த கேமா இருந்தாலும் ஸ்லோன்னா நான் செட்டிங்ஸைத் தொடறதே இல்ல, முதல்ல ஓவர்லேல கார்டு பேரைத்தான் பார்க்கறேன்.

கன்ட்ரோலர் விஷயத்துல சொல்ல அதிகமில்ல, பிளேஸ்டேஷன் 5ஓட டூயல்சென்ஸை கேபிள்ல சொருகினதும் வேலை செஞ்சுது, அதுக்கு சோனியே எழுதின டிரைவர் 2021லயே லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல் 5.12ல வந்துடுச்சு. டச்பேட்ல கட்டை விரல் பட்டா மட்டும் திரையில மவுஸ் பாயின்டர் துள்ளிக் குதிச்சுது, சொருகற டிவைஸ்களைக் கவனிக்கற யுடெவ்ல ஒரு வரி ரூல் எழுதி அதை நிறுத்தினேன்.

மூணாவது வாரம் ஒரு கேம்ல கதை சொல்ற வீடியோ வர்ற இடத்துல எல்லாம் அந்தக்கால டிவி மாதிரி கலர் கலரா பட்டை வந்து நின்னுச்சு. வீடியோவைச் சுருக்கி விரிக்கற கோடெக்கோட லைசென்ஸ் சமாச்சாரம் அது, சில வீடியோவை டீகோட் பண்ண முடியலன்னா புரோட்டான் அந்த இடத்துல பட்டையைக் காட்டிட்டு கேமை நிறுத்தாம மேல கொண்டு போயிடும். ஜிஇ-புரோட்டான்னு ஆர்வலர்கள் தயார் பண்ற ஒரு பதிப்பு இருக்கு, அதை அந்த கேமுக்கு மட்டும் மாத்தினதும் வீடியோ ஒழுங்கா ஓடுச்சு. எல்லா கேமுக்கும் அதைப் போடத் தேவையில்லன்னுதான் எனக்குத் தோணுது.

வருத்தமான விஷயமும் சொல்லணும். சனிக்கிழமை ராத்திரி நாங்க நாலு பேர் சேர்ந்து ஆடற ஒரு ஷூட்டர், அது இங்க ஓடல, ஓட வைக்கவும் முடியாது. காரணம் ஆன்டி-சீட், அதாவது ஏமாத்தி ஆடறவங்களைப் பிடிக்கற சாஃப்ட்வேர். அதுல ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ரெண்டும் 2021லயே புரோட்டானுக்கு சப்போர்ட் குடுத்துட்டாங்க, ஆனா கேம் பண்ணவங்க அதை இயக்கி விடணும். விண்டோஸ் கெர்னலுக்குள்ள உட்கார்ந்து வேலை செய்யற வகை ஆன்டி-சீட்னா அதுவும் கிடையாது, வைன்ல அப்படி ஒரு கெர்னலே இல்லையே. நான் இல்லாம அவங்க மூணு பேரா ஆடறாங்க, அது மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. இதுக்குக் குறுக்கு வழி தேடாதீங்க, அக்கவுன்ட் பான் ஆகிடும். நம்ம கூட்டம் ஆடறது இந்த மாதிரி கேம்னா, மாறறதுக்கு முன்னாடியே அது ஓடுமான்னு பார்த்துக்கிறது நல்லது.

அஞ்சாவது வாரம் அந்தப் பழைய ஆர்பிஜிக்கே திரும்பி வந்தேன். விண்டோஸை அழிக்கறதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்ததுல அதோட சேவ் ஃபைல் கிடைச்சுது, ஆறு வருஷம் முன்னாடி பாதியில விட்டது. ஸ்டீமோட காம்பட்டேட்டா ஃபோல்டருக்குள்ள ஒவ்வொரு கேமுக்கும் அதோட நம்பர்ல ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுக்குள்ள பொய் சி டிரைவ், அதுக்குள்ள ஸ்டீம்யூசர்னு ஒரு ஆள், அவனோட டாகுமென்ட்ஸ். அங்க சேவ் ஃபோல்டரைக் கொண்டுபோய்ப் போட்டேன், கேம்ல லோட் அமுக்கினா காலி. திரும்ப ஃபோல்டரைப் போய்ப் பார்த்தா ஒரே பேர்ல ரெண்டு பக்கத்துல பக்கத்துல, கேம் தானா உண்டாக்கினதுல முதல் எழுத்து சின்னது, என்னோடதுல பெருசு. விண்டோஸுக்கு ரெண்டும் ஒண்ணு, லினக்ஸுக்கு வேற வேற. ஃபைலை அந்த சின்ன எழுத்து ஃபோல்டருக்கு மாத்திட்டு மறுபடி லோட் அமுக்கினேன்.

மழை பெய்யுது, மரப்பாலத்து மேல என் ஆள் கையில தீப்பந்தத்தோட, நான் விட்ட இடத்துலயே நிக்கறான்.