கறிவேப்பிலைத் தொட்டியும் ஒரு பழைய நோட்டும்

பட்டாம்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சி என்றால் நான்கு படங்கள், அவற்றை இணைக்கும் நான்கு அம்புக்குறிகள் என்றே நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகள் எழுதிப் பழகியிருந்தாள். கடந்த ஆடி மாதம் மதுரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், கறிவேப்பிலைத் தளிர் ஒன்றில் கடுகளவே இருந்த வெளிர்மஞ்சள் முட்டையை அவள் கண்டபோது, அதன் பெயரைச் சொல்லாமல் ஒரு பழைய நோட்டையும் ஸ்கேலையும் கொடுத்தேன். கண்டதை மட்டுமே எழுத வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

முட்டையிலிருந்து வந்த புழு, சில நாள்களில் கறுப்பும் வெள்ளையுமாக, இலைமேல் விழுந்த பறவை எச்சம் போலவே மாறியது. அவளும் முதலில் அப்படித்தான் எழுதியிருந்தாள். எச்சம் நகர்ந்த பிறகே அடித்துத் திருத்தினாள். அந்த அடித்தலை நான் அழிக்கவிடவில்லை, ஏனெனில் பறவையும் அவளைப் போலவே ஏமாறுவதால்தான் புழு பிழைக்கிறது. கடைசித் தோலுரிப்புக்குப் பின் அது இலையின் பச்சைக்கு மாறியிருந்தது. ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டபோது, தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் பிளவுபட்ட கொம்பு ஒன்று வெளியே நீண்டு, கடுமையான நெடியைப் பரப்பிவிட்டு உள்ளே போனது.

"இதை விட்டுவச்சா ரசத்துக்கு ஒரு இலைகூட மிஞ்சாது" என்று அம்மாச்சி சொன்னது நியாயமே. ஆகவே சமையலுக்கென்று வேறொரு செடி வாங்கினோம். என் தவறு வேறு. ஒரு புழுவை அருகில் வைத்துப் பார்க்கும் ஆசையில், கொத்தோடு ஒடித்துத் தண்ணீர் டம்ளரில் செருகியிருந்தேன். இரவில் காம்பு வழியே இறங்கிய புழு மூழ்கி இறந்துவிட்டது. டம்ளரின் வாயைப் பஞ்சால் அடைத்திருக்க வேண்டும். மகள் அதையும் தேதியிட்டு எழுதினாள்.

கூடாக மாறுவதற்கு முன், புழு குடலிலுள்ளதை நீராக வெளியேற்றிவிட்டு இடம் தேடி அலைவதைப் பார்த்து, அதற்கு வயிற்றுப்போக்கு என்று அவள் பதறினாள். செடியிலேயே அமைந்த கூடு பச்சையாகவும், சுவரோரக் குச்சியில் அமைந்தது பழுப்பாகவும் இருந்தன. எலுமிச்சை அழகி என்ற பெயரை, முதல் பூச்சி சிறகு விரித்த பிறகே சொன்னேன். எலுமிச்சையில் வாழ்வது இங்கே எப்படி வந்தது என்று கேட்டாள். எலுமிச்சை, வில்வம், கறிவேப்பிலை ஆகிய மூன்றின் இலைகளையும் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்கச் சொன்னேன். மூன்றிலும் ஊசியால் குத்தியதுபோல் ஒளி ஊடுருவும் எண்ணெய்ப் புள்ளிகள் தெரிந்தன. ஒரே குடும்பம் என்று நான் சொல்வதற்குள், கசக்கி முகர்ந்து அவளே சொல்லிவிட்டாள்.

நோட்டின்படி பதினொரு முட்டைகளில் பட்டாம்பூச்சியானவை இரண்டு. எறும்பு, பல்லி, தையல்சிட்டு ஆகியவற்றை ஐயத்தோடு குறித்திருந்தாள். கடைசிக் கூட்டிலிருந்து, சிறு துளை வழியே, கொசுவைவிடச் சிறிய குளவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தாய்க்குளவி முன்பே கூட்டுக்குள் முட்டையிட்டிருக்கிறது. அன்று முழுவதும் அவள் பேசவில்லை. மறுநாள் காலை, குளவிகளுக்கென்று தனிப் பக்கம் ஒதுக்கி, அவை எங்கே போயிருக்கும் என்று செடியைச் சுற்றித் தேடிக்கொண்டிருந்தாள்.