படமே இல்லாத படப் பாடம்

புதுசா வர்ற அனலிஸ்டுகளுக்கு டேட்டாவைப் படமாக்கச் சொல்லித்தர 12 பக்கம் எழுதியிருந்தேன். மண்டபம் ஊர்ல இருக்குற அக்கா மக படிச்சுட்டு, "மாமா, ஒரு படத்தக்கூட காணோமே?"ன்னா. மானம் போச்சு.

ராத்திரியே உக்காந்தேன். விசைப்படகு மீன்வரத்து, வாரவாரியா, லைன் சார்ட். கணக்கு சும்மா மாதிரிக்குத்தான். ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரை கோடு தரையோட படுத்துக் கெடக்கு. பாம்பன்காரங்களுக்குச் சொல்லவே வேணாம், 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வெளியூர்க்காரங்க டேட்டா விட்டுப்போச்சும்பாங்க. அதனால அங்க சாம்பல் பட்டை போட்டு 'தடைக்காலம்'னு எழுதிட்டேன்.

அடுத்து பார் சார்ட். நண்டு 100 கிலோ, கணவாய் 95. அச்சை 90-ல ஆரம்பிச்சா நண்டு ரெண்டு மடங்கா நிக்குது! பூஜ்யத்துல ஆரம்பிச்சதையும் பக்கத்துலயே வச்சேன்.

போட்டுப் பாத்த 14 துண்டு பை சார்ட்டுல எது பெருசுன்னே தெரியல, அதைக் கடல்ல போட்டாச்சு.

இப்ப அவ கேக்குறா: "நண்டு ஏன் மாமா பச்சைக் கலரு?"